சென்னியப்பன் சீட்டு

இல்லீங்க, வேண்டாங்க. நீங்க எந்திரிக்காதீங்க. நான் நின்னுட்டே வர்றனுங்க. தாராபுரத்துல ஏறுனதுல இருந்து நாலு பேரு எடம் குடுத்துட்டாங்க, எல்லாத்துக்கும் இதையேதான் சொல்லிட்டு வர்றேன். உக்காந்தா ரெண்டு நிமிஷந்தானுங்க. அதுக்கு மேல இடுப்புல இருந்து கால் கட்டைவிரல் வரைக்கும் சூட்டுக்கோல் வெச்சு இழுத்தாப்ல இருக்கும். நின்னா தேவலை. சட்டைக்கு உள்ள பெல்ட்டு கட்டியிருக்கறேன், வெளிய தெரியாது.

நானும் டிரைவர்தானுங்க. பேரு வெள்ளியங்கிரி. இருபத்துநாலு வருஷ சர்வீஸ். இதே தாராபுரம், கோயமுத்தூர் ரோடு. எங்க குழி இருக்குது, எங்க மேடு இருக்குதுன்னு கண்ணைக் கட்டி உட்டாலும் சொல்லுவேன். இன்னைக்குத்தான் டிக்கெட்டு எடுக்காத ஆளாட்ட நின்னுட்டு வர்றேன். அதுவும் யாரு ஓட்டற பஸ்ஸுல? அங்க பாருங்க. ஸ்டியரிங் முன்னாடி ஜமீந்தாராட்ட உக்காந்திருக்கறானே, அவன் பேரு சென்னியப்பன். எனக்குப் பதினொரு வருஷம் ஜூனியர்.

மெதுவாப் பேசறனுங்க. இன்ஜின் சத்தத்துல அவனுக்குக் கேக்காது. கேட்டாலும் கேக்கட்டும்.

சித்த புடிச்சுக்கங்க, வேகத்தடை வருது.

பாத்தீங்களா? உங்க பை கீழ உழுந்துருச்சு. எனக்கு உசிரு போயிட்டு வந்துச்சு. அவனைப் பாத்தீங்களா? சீட்டு மட்டும் சாவகாசமாக் கீழ போயிட்டு மேல வந்துச்சு. அவன் தலைகூட அசையல. இந்த பஸ்ஸுல அம்பத்தஞ்சு பேரு இருக்கறோம், அம்பத்துநாலு பேரு குலுங்கறோம். அவன் ஒருத்தன் மட்டும் ஊஞ்சல்ல போறான்.

அந்த சீட்டு எனக்கு வர வேண்டியதுங்க.

சிரிக்காதீங்க. கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

எங்க சீட்டு எப்படி இருக்கும்னு நீங்க பாத்திருக்க மாட்டீங்க. இரும்புச் சட்டம், அதுக்கு மேல ஸ்பாஞ்சு, அதுக்கு மேல ரெக்சின். ஸ்பாஞ்சு ஆறு மாசத்துல அப்பளம் ஆயிரும். அப்பறம் நாங்களே சாக்கை மடிச்சுப் போட்டுக்குவோம், துண்டைச் சுருட்டி இடுப்புக்குக் குடுத்துக்குவோம். எங்க டெப்போ ரெஸ்ட் ரூமுக்கு வந்தீங்கன்னா, டூட்டி முடிஞ்ச டிரைவருக அத்தனை பேரும் தரையில மல்லாக்கப் படுத்து, காலைத் தூக்கி பெஞ்சு மேல போட்டிருப்பாங்க. பாக்கறவங்களுக்கு ஏதோ பூசைன்னு தோணும். அப்பிடிக் கால் மணி நேரம் கெடந்தாத்தான் வீட்டுக்கு வண்டி ஓட்டிட்டுப் போக முடியும். இந்த சென்னியப்பனும் எம்பக்கத்துலதான் கெடப்பான். அப்ப எல்லாம் நல்லவனாத்தான் இருந்தான்.

போன வருஷம் தை மாசம், இன்ஜினியரிங் காலேஜுல இருந்து ஒரு பாப்பா வந்துச்சுங்க. நிரஞ்சனான்னு பேரு. பஸ்ஸு ஆடற ஆட்டம் டிரைவர் முதுகெலும்புல எத்தனை ஏறுதுன்னு படிக்குதாம். பத்து பஸ்ஸை எடுத்துக்கிச்சு. தோசைக்கல் அகலத்துல கறுப்பா ஒரு ரப்பர் வட்டு. அதைச் சீட்டு மேல போட்டு, அது மேல நாம உக்காரோணும். அதுல இருந்து ஒரு ஒயரு பெட்டிக்குப் போகும். "நீங்க எப்பவும் ஓட்டற மாதிரியே ஓட்டுங்கண்ணா"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லுச்சு.

இப்ப நீங்களே சொல்லுங்க. ஒருத்தன் வேலை செய்யறப்ப இன்னொருத்தரு மிஷினை வெச்சு அளக்கறாங்கன்னா அது எதுக்கு? யாரு நல்லா ஓட்டறான், யாரு மோசமா ஓட்டறான்னு பாக்கத்தானே? எங்க டெப்போவுல ஒரு கரும்பலகை இருக்குதுங்க. மாசாமாசம் யாரு டீசல் கம்மியாச் செலவு பண்ணி ஓட்டுனாங்களோ, அவிய பேரை மேல எழுதுவாங்க. எட்டு வருஷமா அந்த மேல் பேரு வெள்ளியங்கிரி. கம்மியா வந்தவன் ஜெயிச்சவன். எங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு அதுதான்.

அதனால என் முறை வந்த அன்னைக்கு நான் ஓட்டுனேன் பாருங்க, அப்பிடி ஒரு ஓட்டு. முப்பதுக்கு மேல முள்ளு ஏறல. ஒவ்வொரு வேகத்தடைக்கும் ஃபர்ஸ்ட் கியர். குழி இருக்கற எடத்துல எல்லாம் தூங்கற கொழந்தையை எடுத்துட்டுப் போறாப்ல சுத்திப் போனேன். சனங்க திட்டுனாங்க. ஒரு அம்மா பாதியிலயே எறங்கி வேற பஸ்ஸு ஏறிப் போயிருச்சு. கோயமுத்தூர் போறதுக்குள்ள முக்கா மணி நேரம் லேட்டு, அடுத்த டிரிப்பு கட்டாயிருச்சு, டைம் கீப்பர் நோட்டுல செவப்பு மையில எழுதுனாரு. எழுதட்டும்னு உட்டுட்டேன்.

இவன் என்ன பண்ணுனான்? எப்பவும் ஓட்டறாப்லயே ஓட்டிட்டு வந்தான். அம்பதுல வந்து வேகத்தடையில எகிறுனான். அத்தனைதான்.

முடிவு சொன்னப்ப அந்தப் பாப்பா, "பத்துல வெள்ளியங்கிரி அண்ணன் பஸ்ஸுதான் நெம்பக் கம்மி"ன்னு சொல்லுச்சு. எனக்கு ஆகாசத்துல பறக்கறாப்ல இருந்துச்சுங்க. டெப்போ வாசல் கடையில எல்லாத்துக்கும் பஜ்ஜி வாங்கிக் குடுத்தேன். சென்னியப்பனுக்கு ரெண்டு சேத்தியே குடுத்தேன், தோத்தவன் பாவம்னு.

ஒரு மாசம் கழிச்சு புது சீட்டு வந்து எறங்குச்சு. சோதனைக்குன்னு ஒண்ணே ஒண்ணு. நான் தலைக்கு எண்ணெய் வெச்சுக் குளிச்சு, புதுத் துண்டு ஒண்ணு எடுத்துட்டு டெப்போவுக்குப் போனனுங்க. சீட்டு மேல போடறதுக்கு. போயிப் பாத்தா அதைச் சென்னியப்பன் பஸ்ஸுல மாட்டிட்டு இருக்கறாங்க.

மேனேஜர்கிட்டப் போயி கேட்டேன். "எந்த பஸ்ஸு அதிகமா ஆடுதோ அதுக்குத்தான்யா சீட்டு. ஒன்னுதுதான் ஆடலையே"ன்னாரு. அப்ப ஒழுங்கா ஓட்டுனது என் குத்தமுங்களா? கண்ட மேனிக்கு எகிற உட்டவனுக்கு சிம்மாசனம், பதனமா ஓட்டுனவனுக்கு சாக்குத் துணியா? இதுல என்ன நாயம் இருக்குது, நீங்களே சொல்லுங்க.

எனக்கு வயிறு எரிஞ்சுது. மறைக்கறதுக்கு என்ன இருக்குது? எரிஞ்சுது.

அந்தப் பாப்பா எங்க பத்து பேரையும் நிக்க வெச்சு சீட்டைக் காட்டுச்சு. அடியில ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். முன்னாடி ஒரு திருகு. அதுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு கண்ணாடி, உள்ள ஒரு முள்ளு, கிலோ நம்பரு போட்டிருக்கும். உக்கார்றவங்க எடை எத்தனையோ அந்த நம்பருக்கு முள்ளு வர்ற வரைக்கும் திருகோணும். எடை தப்பா வெச்சா இந்தச் சீட்டும் பழைய சீட்டும் ஒண்ணுதான், ஒரு பிரயோசனமும் இல்லைன்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. இவன் அம்பத்தெட்டு கிலோ. குனிஞ்சு பக்தியா அம்பத்தெட்டுல வெச்சான். நான் பின்னால நின்னு பாத்துட்டு இருந்தேன்.

அதுக்கப்பறம் இவன் போக்கே மாறிப் போச்சுங்க. ரெஸ்ட் ரூமுல நாங்க எல்லாம் மல்லாக்கக் கெடக்கறோம், இவன் பெஞ்சுல உக்காந்து கேரம் ஆடறான். எங்க காலு கெடக்குற பெஞ்சுங்க அது. பஸ்ஸுல இருந்து எறங்கறப்ப நாங்க கதவைப் புடிச்சு, இடுப்புல கையைக் குடுத்து, ஒவ்வொரு காலா எறக்குவோம். இவன் குதிக்கறான். தேருக்குப் போன எடத்துல புள்ளையைத் தோள் மேல உக்கார வெச்சுக் காமிச்சுட்டு நிக்கறான். அந்தப் புள்ளைக்கு எட்டு வயசு. எங்க ஊட்டுக்காரி பழனாத்தா அதைப் பாத்துட்டு, "அந்தத் தம்பி எப்பிடிச் சொகமா இருக்குது பாருங்க, நீங்க ஒரு கொடம் தண்ணி தூக்கித் தர மாட்டீங்கறீங்க"ன்னுச்சு. அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல எனக்கு.

இதுல ஒரு நாளு எங்கிட்ட வந்து, "அண்ணா, ஒரு நாளு எம்பஸ்ஸை நீங்க எடுத்துட்டுப் போங்க. உக்காந்து பாருங்க, அப்பத்தான் தெரியும்"ங்கறான். இவன் உக்காந்து எறங்குன எடத்துல நான் போயி உக்காரோணுமாம். இருபத்துநாலு வருஷ சர்வீஸு. முடியாதுன்னுட்டேன். இது வரைக்கும் நான் அந்தச் சீட்டைத் தொட்டதுகூட இல்லீங்க. பாத்ததோட சரி.

குண்டடம் தாண்டிட்டமா? ஆமா, தாண்டிருச்சு. இனிப் பல்லடம் வரைக்கும் ரோடு மோசம். உங்க பையை மடியில வெச்சுக்கங்க.

அப்பறம் ஆடி மாசம் டெப்போவுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்துச்சு. அளந்த அன்னைக்கு சென்னியப்பன் வேணும்னே குழியில உட்டு ஓட்டுனான், சீட்டுக்கு ஆசைப்பட்டு ஏமாத்திட்டான்னு. யாரு எழுதுனாங்கன்னு கேக்காதீங்க. எடது கையில எழுதியிருந்துச்சு, எழுத்து கோணையா. யாரோ மனசு பொறுக்காதவங்க எழுதியிருப்பாங்க.

விசாரணை வெச்சாங்க. அதே ரூட்டுல சீனியர்ங்கறதால என்னையக் கூப்பிட்டாங்க. நானும் உள்ளதைச் சொன்னேன். "அந்த ரோட்டுல ஆட்டமே கெடையாதுங்க. ஒழுங்கா ஓட்டுனா எந்தச் சீட்டும் போதும். இருபத்துநாலு வருஷமா எனக்கு முதுகுவலின்னா என்னன்னே தெரியாது. என் ரீடிங்கே சாட்சி"ன்னேன். எழுதிக் கையெழுத்துப் போடுன்னாங்க. போட்டேன். முத்து முத்தாப் போட்டேன்.

முதுகுவலி தெரியாதுன்னு ஏன் சொன்னேனா? அவன் முன்னாடி வலிக்குதுன்னு சொல்லச் சொல்றீங்களா?

சென்னியப்பன் மேல ஒண்ணும் நிரூபணம் ஆகல. ஒரு மெமோ குடுத்து உட்டுட்டாங்க. ஆனா பாருங்க, எங்க டெப்போவுக்கு நாப்பது சீட்டு வாங்கறதுக்கு ஒரு ஃபைலு மேல போயிட்டு இருந்துதாம். அது எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாதுங்க. என் வாக்குமூலத்தை அதுக்குள்ள வெச்சு, "சீனியர் டிரைவரே தேவையில்லைங்கறாரு"ன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. நாப்பதும் போச்சு. இவன் பஸ்ஸுல இருக்கறதைக் கழட்டச் சொல்லி ஆர்டர் போட மட்டும் எல்லாரும் மறந்துட்டாங்க. அவன் அதிர்ஷ்டம் அப்பிடி. அப்பறம் ஒரு மாசம் ரெஸ்ட் ரூமுல எவனும் எங்கூடப் பேசல. மல்லாக்கக் கெடந்துட்டு மேலயே பாத்துட்டு இருப்பானுக. இவன் ஒருத்தன்தான் எப்பவும்போல "சாப்டீங்களாண்ணா"ன்னு கேப்பான். நடிப்பு.

இப்ப நாலு மாசத்துக்கு முன்னாடி, காலையில மொத டிரிப்பு முடிச்சு டெப்போவுக்குள்ள உட்டேன். இன்ஜினை ஆஃப் பண்ணுனேன். எந்திரிக்க முடியல. இடுப்புக்குக் கீழ யாரோ கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாப்ல இருந்துச்சு. ரெண்டு பேரு வந்து தூக்கி எறக்குனாங்க. அதுல ஒருத்தன் சென்னியப்பன். எம்பத்தாறு கிலோ ஆளைப் பூவாட்டத் தூக்குனானுங்க. தூக்கறதுக்கு அவனுக்கு முதுகு இருந்துச்சு பாருங்க. வலியை உட அதுதான் எனக்கு வலிச்சுது.

டிஸ்க்கு ரெண்டு தேஞ்சு நரம்பை அமுக்குதுன்னு டாக்டர் சொன்னாரு. இத்தனை வருஷ ஆட்டந்தான் காரணம்னாரு. லீவு எல்லாம் தீந்துருச்சு. லைட் டூட்டி கேட்டு எழுதுனேன். பஸ்ஸு ஓட்டாம டெப்போவுக்குள்ளயே நின்னு பாக்கற வேலை. அதுக்கு வேலையினாலதான் இந்தச் சீக்கு வந்துச்சுன்னு மெடிக்கல் போர்டு ஒத்துக்கோணும். போன மாசம் போனேன். அங்க ஒரு பெரிய டாக்டர் ஃபைலைத் தொறந்து, "உங்க பஸ்ஸு ஆட்டமே பத்துல கம்மி. ஆட்டமே இல்லைன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. முதுகுவலியே தெரியாதுன்னும் எழுதியிருக்கீங்க. அப்பறம் வேலையினால எப்பிடி வரும்?"னு கேட்டாரு. கையெழுத்து அத்தனை தெளிவா இருந்துச்சுங்க.

இன்னைக்குக் கடைசித் தடவையா கோயமுத்தூர்ல அந்த போர்டுக்கு வரச் சொல்லியிருக்கறாங்க. இல்லைன்னுட்டா நாளையில இருந்து அதே இரும்புச் சீட்டுல ஏறி உக்காரோணும். முடியலைன்னா ஊட்டுக்குப் போகோணும். எனக்கு இன்னும் ஒம்பது வருஷ சர்வீஸு இருக்குது.

நேத்து சாயங்காலம் இவன் ஊட்டுக்கே வந்துட்டான். கையில ஒரு காயிதம். அவனே எழுதிட்டு வந்திருக்கறான், எழுத்து அழகா இருக்குது. இந்தப் பையிலதான் இருக்குது, பாருங்க. "அளவெடுத்த அன்று நான் வழக்கம்போல் ஓட்டவில்லை. மிக மெதுவாக ஓட்டினேன். என் பஸ்ஸை மறுபடியும் அளந்து பார்க்க வேண்டுகிறேன்." கீழ எங்கையெழுத்துக்கு எடம். அந்தப் பாப்பாவும் திரும்ப அளக்கறதுக்கு ஒத்துக்கிச்சாம். டைம் கீப்பர் நோட்டுல செவப்பு மையில முக்கா மணி நேரம் லேட்டுன்னு இருக்குதே, அந்தப் பக்கத்தை வேற நகல் எடுத்துட்டு வந்துட்டான். "இதுல கையெழுத்து உழுந்தா உங்க கேஸும் நிக்கும், நாப்பது சீட்டு ஃபைலும் தொறக்கும்ணா"ங்கறான். பழனாத்தா அவனுக்குக் காப்பி வெச்சுக் குடுத்துச்சு. நல்ல டம்ளர்ல.

நான் கையெழுத்துப் போடல.

எப்பிடிங்க போடறது? பத்துல கம்மின்னு ஒரு பேரு இருக்குதே, எங்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பொய்யின்னு நானே எழுதிக் குடுக்கோணுமா? அதுவும் இவன் எழுத்துல? அப்ப அன்னைக்கு ஒழுங்கா நடந்துக்கிட்டவன் இவன், ஏமாத்துனவன் நானுன்னு ஆயிராதா?

காலையில பஸ்ஸு ஏறறப்பப் பாருங்க, அத்தனை சனங்களுக்கு நடுவுல, "அண்ணா, இப்ப எத்தனை கிலோ இருக்கீங்க?"ன்னு கேக்கறான். ஊட்டுல உக்காந்து தின்னு பெருத்துட்டேன்னு குத்திக் காட்டறான். அதே எம்பத்தாறுதான்டான்னு சொல்லிட்டு வந்து இங்க நின்னேன்.

பல்லடம் வந்துருச்சுங்க. இங்க பத்து நிமிஷம் நிப்பான். இன்ஜினை ஆஃப் பண்ண மாட்டான், பண்ணுனா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. பாருங்க, நின்னுட்டு இருக்கறப்பவே பஸ்ஸு எப்பிடி நடுங்குதுன்னு. கம்பியெல்லாம் தந்தி அடிக்குது.

அங்க பாத்தீங்களா? எறங்கறதுக்கு முன்னாடி குனிஞ்சு எதையோ திருகறான். வேற எவனும் உக்காந்துறக் கூடாதுன்னு பூட்டிட்டுப் போறானாட்ட இருக்குது. இப்பிடி ஒரு மனசு.

என்னடா? ம். செரி. போயிட்டு வா.

கேட்டீங்களா? "நின்னுட்டே இருக்காதீங்கண்ணா, நான் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் சித்த எஞ்சீட்டுல உக்காருங்க"ங்கறான். எஞ்சீட்டாம்.

குதிச்சுப் போறதைப் பாருங்க.

இந்தப் பையைச் சித்த புடிக்கறீங்களா? உக்கார்றதுக்கு இல்லீங்க. பூட்டியிருக்கறானா இல்லையான்னு பாக்கோணும். காலு வேற மரத்துப் போச்சு. சித்த நகந்துக்கங்க.

அப்பாடா.

ஒண்ணும் பேசாதீங்க, இருங்க.

நாலு மாசமாச்சுங்க, நான் இப்பிடி உக்காந்து. வலியில்லை. இருக்குது, ஆனா தூரமா இருக்குது. இடுப்புக்குப் பின்னால யாரோ உள்ளங்கையை வெச்சுத் தாங்கறாப்ல இருக்குது. பஸ்ஸு நடுங்கறது காலுல தெரியுது, முதுகுல தெரியல. இத்தனை நாளா இவன் இதுலயா உக்காந்துட்டு இருந்தான்? இதுலயா?

அட, இங்க வந்து பாருங்க. இந்தக் கண்ணாடியைப் பாருங்க. முள்ளு எங்க இருக்குது? எம்பத்தாறுல. அம்பத்தெட்டு கிலோ ஆளு, எம்பத்தாறுல வெச்சு ஓட்டிட்டுத் திரியறான். எம்பத்தாறுங்கறது என்னாட்ட ஆளுக்கு. அந்தப் பாப்பா படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு, எடை தப்பா வெச்சாப் பிரயோசனமில்லைன்னு. ஒரு வருஷத்துக்கு மேல இதுலயே உக்கார்றான், தன் எடைக்கு முள்ளு வெக்கக்கூடத் தெரியல. இவன்கிட்டப் போயி இப்பிடி ஒரு பொருளைக் குடுத்து வெச்சிருக்கறாங்களே, அடுக்குமா?

இல்லீங்க, இதை இப்பிடியே உடக்கூடாது. இவன் ஒருத்தன்கிட்ட மட்டும் இது இருக்கக்கூடாது. நாப்பது பேருக்கும் வரோணும். எல்லாத்துக்கும் இருந்துட்டா இவனுக்கு என்ன பெருமை இருக்குது? ரெஸ்ட் ரூமுல எல்லாரும் கேரம் ஆடுனா இவன் யாரு?

அந்தப் பையில இருந்து காயிதத்தை எடுங்க. சட்டைப் பாக்கெட்டுல பேனா வெச்சிருக்கீங்களே, அதையும் சித்த குடுங்க. அங்க நின்னுட்டுப் போட்டா கையெழுத்து கோணையாப் போகும். இங்க கை ஆடல. பாருங்க, முத்து முத்தா உழுகுது.

இந்தாங்க பேனா. அதா, வர்றான் பாருங்க. ரெண்டு கையிலயும் ரெண்டு டீ. ஒரு ஆளு குடிக்கறதுக்கு எதுக்குங்க ரெண்டு டீ? அவனுக்கு எல்லாமே ரெண்டு பங்கு வேணும்.